எச்-1பியில் இருக்கிறேன், பழைய விசா ஸ்டாம்ப் காலாவதி, ஐ-797 கையில் இருக்கிறது: கால்வெஸ்டன் குரூஸ் போகலாமா?

மணல்வீடு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் மாத விடுமுறை வாரத்தில் டெக்சாஸ் கால்வெஸ்டனில் ஏறி, கோசுமெல், கோஸ்டா மாயா பார்த்துவிட்டு அதே கால்வெஸ்டனில் இறங்கும் 5 நாள் குரூஸ் பார்த்து வைத்திருக்கிறோம். மயாமியிலிருந்து பஹாமாஸ் போகும் கப்பல் இதைவிட மலிவு, அதனால் அதுவும் யோசனையில் இருக்கிறது. போகிறவர்கள் விவரம்:

நான்: எச்-1பி (வேலை விசா). மாணவனாக வந்து இங்கேயே ஸ்டேட்டஸ் (தங்கும் அனுமதியின் வகை) மாற்றியது. பாஸ்போர்ட்டில் இருப்பது காலாவதியான எஃப்-1 (மாணவர் விசா) ஸ்டாம்ப் மட்டும்தான். ஐ-797 (குடியேற்றத் துறையின் ஒப்புதல் தாள்) இன்னும் இரண்டு வருடம் செல்லும்.
மனைவி: எச்-4 (எச்-1பிக்காரரின் துணைக்கான விசா), ஸ்டாம்ப் முடிந்துவிட்டது.
மகள்: 6 வயது, இங்கே பிறந்தவள். பாஸ்போர்ட் எடுக்கவில்லை.
அப்பா, அம்மா: பி-2 (சுற்றுலா விசா), பத்து வருட மல்டிபிள் விசா. ஐ-94 (எந்தத் தேதி வரை தங்கலாம் என்ற பதிவு) ஜனவரி வரை.

கப்பல் நிறுவனத்தின் தளத்தில் "பிறப்புச் சான்றிதழும் போட்டோ ஐடியும் போதும்" என்று போட்டிருக்கிறார்கள். அது எங்களுக்கும் பொருந்துமா? அடுத்த கோடையில் அலாஸ்காவும் போகும் எண்ணம் உண்டு.

நங்கூரம்

பொருந்தாது. அந்த வரி அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பும் கப்பலில் குடிமக்களுக்குப் பாஸ்போர்ட் கட்டாயமில்லை என்பது 2009 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கும் சலுகை. அந்த வீட்டில் உங்கள் மகளுக்கு மட்டும்தான் அது செல்லும். மற்ற நால்வரும் வெளிநாடு போய்த் திரும்பும் வேற்று நாட்டவர். கோசுமெல்லில் நான்கு மணி நேரம் நின்றாலும், நாற்பது நாள் தங்கினாலும் திரும்பும்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உள்ளே வர உங்களிடம் என்ன இருக்கிறது?

உங்களுக்கும் மனைவிக்கும் இருக்கும் ஒரே வழி, ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன். காலாவதியான ஸ்டாம்பை, திரும்பி வரும் அந்த நாளுக்கு மட்டும் நீட்டித்ததாகக் கருதும் விதி. பழைய எஃப்-1 ஸ்டாம்ப் இருந்து, இங்கேயே எச்-1பிக்கு மாறியிருந்தாலும் அது எச்-1பியாக மாறியதாகவே எடுத்துக்கொள்ளப்படும். நிபந்தனைகள்:

போனது கனடாவோ மெக்சிகோவோ மட்டுமாக இருக்க வேண்டும். மொத்தம் 30 நாளுக்குள் திரும்ப வேண்டும். ஐ-94 தேதி முடிந்திருக்கக் கூடாது, அது கையிலும் இருக்க வேண்டும். ஸ்டேட்டஸை முறையாகக் காப்பாற்றியிருக்க வேண்டும். போன இடத்தில் புது அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்திருக்கக் கூடாது. விண்ணப்பித்த நொடியே சலுகை போய்விடும்.

இப்போது முக்கியமான கண்ணி. பஹாமாஸ், ஜமைக்கா போன்ற பக்கத்துத் தீவுகளுக்கும் இந்த விதி உண்டு என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். உண்டுதான், ஆனால் எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்கு மட்டும். எச்-1பி, எச்-4க்குக் கிடையாது. கப்பல் நிறுவனங்களின் தனியார் தீவுகளிலும் பஹாமாஸில் இருப்பவை பஹாமாஸ் மண்தான். பெயரில் ஏமாற வேண்டாம். அதனால் மயாமி கப்பலை இப்போதே மறந்துவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

கால்வெஸ்டன் வழித்தடம் காகிதத்தில் சரி, இரண்டு நிறுத்தமும் மெக்சிகோ. ஆனால் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. வானிலை கெட்டால் கேப்டன் கோசுமெல்லை விட்டு வேறு துறைமுகத்துக்குத் திருப்புவார். டிக்கெட் ஒப்பந்தத்தில் அந்த உரிமை அவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மெக்சிகோவுக்குப் பதில் ஜமைக்காவில் நிறுத்தினால் உங்கள் ரீவேலிடேஷன் அங்கேயே முடிந்தது. நடக்கும் வாய்ப்பு குறைவு, நடந்தால் தலைவலி பெரிது. டிசம்பருக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள்.

மணல்வீடு

விரிவான பதிலுக்கு நன்றி சார். இரண்டு சந்தேகம். மெக்சிகோ எங்களிடம் விசா கேட்குமா? அப்புறம் ஐ-94 பிரிண்ட் எதை எடுப்பது, இணையத்தில் இருப்பதையா?

கப்பல்பாதை

ஐ-94 முதலில். இங்கேயே ஸ்டேட்டஸ் மாற்றியவர்களுக்கு ஐ-797 ஏ தாளின் கீழ்ப்பகுதியில், கிழித்தெடுக்கும்படி ஒரு ஐ-94 ஒட்டியிருக்கும். உங்களுக்குச் செல்லுவது அதுதான். இணையத்தில் தேடினால் நீங்கள் கடைசியாக விமானத்தில் வந்திறங்கிய நாளின் பழைய பதிவு வரலாம். அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் நின்றால் "தேதி முடிந்துவிட்டதே" என்பார்கள். ஐ-797 ஒரிஜினல் தாளை முழுசாக எடுத்துப் போங்கள், கிழிக்காமல். ஏறும்போது யார் கேட்டாலும் காட்டலாம், கொடுத்துவிடக் கூடாது. மனைவியின் ஐ-797 தனி, அதுவும் ஒரிஜினல். கூடவே கடைசி மூன்று சம்பளச் சீட்டு, வேலை உறுதிக் கடிதம்.

மெக்சிகோ: செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருக்கும் இந்தியர்களிடம் அவர்கள் தனி விசா கேட்பதில்லை. அப்பா, அம்மா அந்தக் கணக்கில் வந்துவிடுவார்கள். நீங்கள் இருவரும் வரமாட்டீர்கள். ஐ-797 ஒரு அனுமதித் தாள், விசா அல்ல. காலாவதி ஸ்டாம்பும் விசா அல்ல. குரூஸ் பயணிகளை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதைக் கப்பல் நிறுவனத்தின் பயண ஆவணப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் கேட்டது செல்லாது. துறைமுகக் கவுண்டரில் நிற்கும் ஊழியருக்கு அந்தப் போன் பேச்சு தெரியாது. அவர்கள் "விசா வேண்டும்" என்று எழுதினால் ஹூஸ்டனிலோ டல்லாஸிலோ உள்ள மெக்சிகோ துணைத் தூதரகத்தில் எடுங்கள். நேர்முகத்துக்கு இடம் கிடைக்கச் சில வாரம் ஆகலாம்.

உண்மையில் இந்த மாதிரி வழக்குகள் தடுமாறுவது குடியேற்ற அதிகாரியிடம் அல்ல, ஏறும் இடத்துக் கவுண்டரில். பாஸ்போர்ட்டைப் புரட்டி, ஸ்டாம்ப் தேதியைப் பார்த்து, "இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். ரீவேலிடேஷன் விதியின் எண் 22 சி.எஃப்.ஆர். (அமெரிக்க அரசின் விதித் தொகுப்பு) 41.112 (டி). அந்தப் பக்கத்தையும் நிறுவனத்தின் மின்னஞ்சலையும் பிரிண்ட் எடுத்து மேலே வையுங்கள். மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லி அமைதியாகக் காட்டுங்கள். கவுண்டர் மூடும் நேரத்துக்கு அரை மணி முன்னால் போய் நின்றால் இதற்கெல்லாம் அவகாசம் இருக்காது.

இன்னொன்று, பெயர். அப்பா, அம்மா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறதா? நம் ஊர்ப் பாஸ்போர்ட் பலவற்றில் அப்படித்தான். அப்படியென்றால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் "எஃப்.என்.யு." (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று இருக்கும். கப்பல் புக்கிங்கில் மூன்றாவதாக ஒரு வடிவம் போட்டு வைக்காதீர்கள். பயணிகள் பட்டியல் முன்கூட்டியே அரசுக்குப் போகிறது, அது விசாவோடு ஒத்துப்போக வேண்டும். தளத்தில் திருத்த விடாது. நிறுவனத்தை அழைத்து, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே மாற்றச் சொல்லுங்கள்.

அலைவரிசை

அப்பா அம்மா விஷயம் யாரும் தொடவில்லை. அவர்கள் விசா நடப்பில் இருப்பதால் மெக்சிகோ, பஹாமாஸ் எதுவானாலும் திரும்புவதில் சிக்கல் இல்லை. ஆனால் "குரூஸ் போய் வந்தால் புதிதாக ஆறு மாதம் விழும்" என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அதை நம்பிப் போக வேண்டாம். இப்படிக் குறுகிய பயணத்தில் பழைய ஐ-94 தேதியே தொடர்வதுதான் வழக்கம். மாற்றுவதும் விடுவதும் அதிகாரியின் விருப்பம். இந்தியாவுக்குத் திரும்பும் விமானச் சீட்டின் பிரதி அவர்கள் கைப்பையில் இருக்கட்டும், கேட்டால் காட்ட. இறங்கிய மறுநாள் எல்லோருடைய ஐ-94ஐயும் இணையத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கால்வெஸ்டனில் இறங்கும் நாளில் மதியத்துக்கு முன் விமானம் வைக்காதீர்கள். குடிமக்கள் முகத்தைக் காட்டிவிட்டு நடந்துவிடுவார்கள். நீங்கள் அதிகாரி முன் நிற்க வேண்டும், ரீவேலிடேஷன் என்றால் இன்னொரு அறைக்கும் அனுப்பலாம்.

மகளுக்குப் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். 16 வயதுக்குக் கீழே என்றால் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதும் என்பது கப்பலுக்குத்தான். கோசுமெல்லில் கப்பலைத் தவறவிட்டாலோ, உடம்பு சரியில்லாமல் இறக்கிவிட்டாலோ, திரும்ப விமானம்தான். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் உதவாது, பாஸ்போர்ட் கார்டும் உதவாது, புத்தகம் வேண்டும். இல்லையென்றால் மெரிதாவில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம் வரை அலைய வேண்டும். டி.எஸ்-11 படிவம், பெற்றோர் இருவரும் நேரில், கட்டணம் 100 + 35 டாலர், ஐந்து வருடம் செல்லும். பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள். அப்பா பெயர் மகளுக்குக் குடும்பப் பெயராகி, அம்மாவுக்கு வேறு பெயர் இருந்தால், உறவைக் காட்டும் தாள் அதுதான்.

நங்கூரம்

அலாஸ்கா பற்றிக் கேட்டிருந்தீர்கள். சியாட்டிலில் ஏறி சியாட்டிலில் இறங்கும் கப்பல்கள் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நிற்கும். அது சுற்றிப்பார்ப்பதற்காக மட்டும் அல்ல. 1886ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொடாமல் இப்படி அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி இறக்க முடியாது. நீங்கள் இறங்காமல் அறையில் தூங்கினாலும் கனடா விசா இல்லாமல் சியாட்டிலில் ஏற்றமாட்டார்கள். நால்வருக்கும் வேண்டும். கட்டணம் 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. முன்பு கொடுத்த கைரேகை பத்து வருடம் செல்லும். கிரீன் கார்டு இருந்தால் கனடா விசா தேவையில்லை, கார்டும் பாஸ்போர்ட்டும் போதும். ஒப்புதல் வந்தபின் ஸ்டாம்புக்குப் பாஸ்போர்ட்டை அனுப்ப வேண்டும், அந்த நாட்களில் வேறு பயணம் வைக்காதீர்கள். ஜூன் கப்பலுக்கு ஜனவரியிலேயே ஆரம்பியுங்கள்.

ஒரு வகையில் அலாஸ்காதான் உங்களுக்குப் பத்திரம். வழி மாறினாலும் மாறுவது கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில்தான், ரீவேலிடேஷன் உடையாது.

மணல்வீடு

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: மனைவி படிக்கச் சேர்வதற்காக எச்-4லிருந்து எஃப்-1க்கு ஐ-539 (ஸ்டேட்டஸ் மாற்ற விண்ணப்பம்) போட்டிருக்கிறோம், இன்னும் முடிவு வரவில்லை. இது பாதிக்குமா?

கப்பல்பாதை

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும் நண்பரே. ஸ்டேட்டஸ் மாற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டுப் போனால், அந்த விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். கப்பல், விமானம் என்ற பேதமில்லை, ஐந்து நாளும் வெளியே போனதுதான். எச்-4ல் திரும்பலாம், ஆனால் கட்டிய பணமும் காத்திருந்த மாதங்களும் போச்சு. முடிவு வரும்வரை அவர் ஏறக் கூடாது. புக்கிங்கில் முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகையா என்று இன்றைக்கே பாருங்கள். திரும்பாத வகையென்றால் தேதி மாற்றக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள்.