மௌசர் கட்டை ஸ்க்ரூவை வீட்டு லேத்தில் கடையலாமா?

சாட்ஸ்வர்த் கராஜ்:
வணக்கம். அப்பாவின் மௌசர் 98, 7×57 ரைஃபிள், அவர் காலமான பிறகு லைசென்ஸ் என் பெயருக்கு வந்தது. கட்டையையும் இரும்பையும் சேர்த்துப் பிடிக்கிற இரண்டு ஸ்க்ரூவில் பின்பக்கத்து ஸ்க்ரூவின் தலை பிய்ந்துவிட்டது, யாரோ பொருந்தாத ஸ்க்ரூடிரைவரைப் போட்டுத் திருகியிருக்கிறார்கள். டர்பனில் கால் அங்குல ஸ்க்ரூ வாங்கிப் போட்டேன், இரண்டு சுற்றில் இறுகியது, பயந்து கழற்றிவிட்டேன். என்னிடம் மைஃபோர்ட் எம்எல்7 லேத் இருக்கிறது. நானே கடையலாமா? தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டுகிற போல்ட்டும் தேய்ந்த மாதிரி தெரிகிறது, அதையும் சேர்த்துச் செய்துவிடலாமா?

டோங்காட் பெரியவர்:
தம்பி, கழற்றியது நல்லதாய்ப் போயிற்று. கடையில் கிடைக்கும் கால் அங்குல ஸ்க்ரூவுக்கு அங்குலத்துக்கு 20 மரை, அல்லது 26, அல்லது 28. மௌசருக்கு 22, கோணம் 55 டிகிரி. இன்னும் அழுத்தியிருந்தால் ரிசீவரின், அதாவது போல்ட் உட்கார்கிற இரும்பு உடலின், மரையே போயிருக்கும். உங்கள் லேத்தில் டூலை நகர்த்துகிற நீளத் திருகான லீட்ஸ்க்ரூ அங்குலத்துக்கு 8 மரை, ஆகவே 20 பல் சக்கரம் ஓட்ட, 55 பல் சக்கரம் லீட்ஸ்க்ரூவில், நடுவில் இரண்டையும் இணைக்க எந்த ஐட்லர் சக்கரமும் போதும், சரியாக 22 வரும். இஎன்8 எஃகுக் கம்பியை 6.35 மில்லிக்குக் கடைந்து, டூலை 55 டிகிரிக்குத் தீட்டி, 0.74 மில்லி ஆழம் வரை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். மோட்டார் வேண்டாம், ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள், எண்ணெய் விடுங்கள், லீட்ஸ்க்ரூவைப் பிடித்திருக்கும் ஹாஃப்நட்டைத் திறக்காமலே பின்னுக்குக் கொண்டுவாருங்கள். நீளம் பழைய ஸ்க்ரூவை அளந்து அப்படியே. விரலால் திருகும்போதே முழுக்கப் போகவேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வேட்டை:
ஸ்க்ரூவைப் பற்றி ஐயா சொன்னதே போதும். போல்ட்டைத் தொடாதீர்கள் அண்ணா, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். 7×57 தோட்டாவின் அழுத்தம் 3900 பார் வரை போகும், அந்த விசையை உங்கள் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் தாங்கி நிற்பது போல்ட்டின் காதுகள்தான். மேல்தோல் கடினமாகவும் உள்ளே இளக்கமாகவும் இருக்கவேண்டும், அந்தச் சூட்டுப் பதம் கராஜில் வராது, வந்ததா என்று கண்ணால் பார்த்தும் தெரியாது. அப்புறம் சட்டம். நம் தென்னாப்பிரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் (2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண்) பேரலும் ரிசீவரும் தனியாக இருந்தாலே துப்பாக்கிதான். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பழுதுக்காரரிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸை, அதாவது பூட்டிய போல்ட்டுக்கு முன்னால் தோட்டாவுக்கு இருக்கும் இடத்தை, கேஜ் என்ற அளவுகோல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த மாதிரி தெரிவது பல நேரம் வெறும் பளபளப்புதான்.

சாட்ஸ்வர்த் கராஜ்:
சரி, போல்ட்டை விட்டுவிட்டேன், பழுதுக்காரரிடமே கொண்டுபோகிறேன். 55 பல் சக்கரம் பெட்டியில் இருக்கிறது. சனிக்கிழமை முதலில் பித்தளையில் ஒன்று கடைந்து பார்த்துவிட்டு இஎன்8-க்குப் போகிறேன்.

டோங்காட் பெரியவர்:
பித்தளை நல்ல யோசனை தம்பி. தலையில் வெட்டுகிற காடி ஸ்க்ரூடிரைவரின் அலகுக்கு இறுக்கமாகப் பொருந்தட்டும், பழைய ஸ்க்ரூ பிய்ந்ததே அதனால்தான்.