பாடி கேமரா: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

குன்னூர்க்காரன்:
2024 மே, வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும் என்று வந்த புதிது. மச்சான் கோவையிலிருந்து தன் காரில் வந்தான், நானும் கூட இருந்தேன். மலையேறும் வழியில் நிறுத்தினார்கள். சிக்னல் இல்லை, போனில் பாஸ் திறக்கவில்லை. பேச்சு முற்றியது. நானும் குரலை உயர்த்தினேன், அதை மறைக்கவில்லை. போலீஸ்காரர் மார்பில் கேமரா. மூடுபனியில் அதன் சிவப்பு விளக்கு மட்டும்தான் பளிச்சென்று தெரிந்தது. பேசிக்கொண்டே கையை மார்புக்குக் கொண்டுபோனார். விளக்கு அணைந்தது. அப்புறம்தான் மச்சான் கன்னத்தில் அறை விழுந்தது.

புகார் கொடுத்தோம். விசாரணையில் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். நாங்கள் கத்துவது இருக்கிறது, அறை இல்லை. பட்டனை அவர்களிடம் கொடுக்கவே கூடாது. டியூட்டி முடியும்வரை கேமரா ஓடட்டும்.

கோத்தகிரி அக்கா:
தம்பி, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் எப்போதும் ஓடட்டும் என்பதை நான் ஏற்க மாட்டேன். புருஷன் அடித்து உதடு கிழிந்த என் தங்கையை வீட்டில் வைத்து விசாரித்தார்கள். வந்த பெண் போலீஸின் மார்பிலும் அதே சிவப்பு விளக்கு. தங்கை அதைப் பார்த்தாள், சால்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. "கொஞ்சம் அணைங்கம்மா" என்றேன். "அணைச்சா என்னைத்தான் கேப்பாங்கக்கா" என்றார் அந்தப் பெண். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எப்போது அணைக்கலாம் என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

கூடலூர் பெரியவர்:
என்னை ஒருமுறை இரவு ரோந்தில் நிறுத்தினார்கள். "பதிவாகுது சார்" என்று சொல்லிவிட்டுத்தான் பேசினார், என் பதற்றம் போய்விட்டது. அவ்வளவுதான் என் கதை.

குன்னூர்த் தம்பிக்கு ஒன்று. ஸ்டேஷன் சிசிடிவி பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. அது ஸ்டேஷன் கேமராவுக்கான உத்தரவு, மார்புக் கேமராவும் அதில் அடங்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அதே வருடம் சாத்தான்குளத்தில் ஸ்டேஷன் பதிவு தினமும் தானாக அழிவதுபோல வைத்திருந்தது வெளியே வந்ததே, நினைவிருக்கிறதா? அதனால் முதலில் "இந்த நாள், இந்த நேரத்துப் பதிவை அழிக்கக் கூடாது" என்று எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் தனி மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் மட்டும் கேட்காதீர்கள். கேமரா எத்தனை மணிக்கு அணைந்தது, காரணம் எங்கே எழுதப்பட்டது என்றும் கேளுங்கள். அக்கா சொல்வதும் நியாயம்தான். அடிபட்டவர் கேட்டால் அணைக்கலாம், ஆனால் அவர் அப்படிக் கேட்டது பதிவில் இருக்க வேண்டும். ரோட்டில் வாக்குவாதத்தின் நடுவே அணைத்தால், அணைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டும் விதியில் எழுத்தாக இருந்தால் போதும்.

கோத்தகிரி அக்கா:
கேட்டால் அணைக்கலாம் என்கிறீர்கள். என் தங்கைக்கு வாயே திறக்கவில்லை ஐயா. போலீஸ்தான் முதலில் கேட்க வேண்டும்.

குன்னூர்க்காரன்:
தபால் நாளைக்கே போடுகிறேன் ஐயா. அக்கா, தங்கை விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை, மன்னியுங்கள். அந்த வீடியோ கடைசியாக நிற்கும் இடம் மச்சானின் கை. போனை நீட்டிக்கொண்டிருக்கிறான். இ-பாஸ் அப்போதுதான் திறந்திருக்கிறது.