புது பாயின்ட் டூ டூ (.22) ரைஃபிள், இரும்பு சைட் ஜீரோ பண்ணின (குறி வைக்கற இடத்துலயே குண்டு படற மாதிரி சைட்டைத் திருத்தின) அனுபவம், நீங்களும் சொல்லுங்க

தென்னாப்பிரிக்கா டோங்காட்ல இருந்து எழுதறேன். செக்‌ஷன் 15 லைசென்ஸ் (எப்பவாவது வேட்டைக்கும் விளையாட்டுக்கும் சுடறவங்களுக்குத் தர்ற துப்பாக்கி லைசென்ஸ்) ஒருவழியா கைக்கு வந்துச்சு, அதுவரைக்கும் காசு கட்டின துப்பாக்கி டீலரோட சேஃப்லயே கிடந்துச்சு. போல்ட் ஆக்‌ஷன், ஸ்கோப் கிடையாது, எனக்கு குழல் மேலயே முன்னும் பின்னும் இருக்கற இரும்பு சைட்ல (ஃப்ரன்ட் சைட், ரியர் சைட்) குறி வச்சு சுடத்தான் பிடிக்கும்.

சனிக்கிழமை மாமாவும் நானும் பக்கியில (பிக்கப் வண்டி) ரேஞ்சுக்குப் போனோம். மாமா பழைய த்ரீ நாட் த்ரீ ஆளு. நான் 50 மீட்டர்ல பேப்பர் ஒட்டக் கிளம்பினா, "25-ல ஆரம்பிடா, பேப்பர்லயே படலைன்னா எதை வச்சு திருத்துவே"ன்னு பிடிச்சு நிறுத்திட்டார். முதல்ல போல்ட்டை (குழலைப் பின்னாடி அடைக்கற இரும்புத் தண்டு) உருவிட்டு, மணல் மூட்டை மேல வச்சு, பின்னாடி இருந்து குழல் வழியா பாக்கச் சொன்னார், டார்கெட் குழலுக்கு நடுவுல வந்ததும் துப்பாக்கியை அசைக்காம சைட் எங்க காட்டுதுன்னு பாத்தா பெரிய கோணல் இருந்தா குண்டு செலவில்லாமலே தெரிஞ்சுடும். மூட்டை துப்பாக்கிக் கட்டைக்கு அடியில இருக்கணும், குழல்ல படக் கூடாது, பட்டா குண்டு போற இடமே மாறிடும்.

அப்புறம் ஐஞ்சு குண்டு சுட்டு, கூட்டத்தோட நடுப்புள்ளியைப் பாத்துட்டுதான் சைட்டைத் தொடணும், அதுல மாமா ரொம்ப கறார். பக்கத்து லேன்ல ஒருத்தர் ஒவ்வொரு குண்டுக்கும் சுத்தியலை எடுத்து ரியர் சைட்டைத் தட்டிக்கிட்டே இருந்தார், பேப்பர் சல்லடையா ஆனதுதான் மிச்சம். எனக்கு எல்லாம் இடது பக்கம், கொஞ்சம் கீழ. குண்டு எந்தப் பக்கம் போகணுமோ ரியர் சைட்டை அந்தப் பக்கம் தள்ளணும், அதனால பென்சில்ல கோடு போட்டுட்டு பித்தளை பஞ்ச் வச்சு வலது பக்கம் லேசா தட்டினோம். பக்கவாட்டு சரியாயிடுச்சு. உயரம்தான் 50-லயும் இன்னும் கீழயே போகுது, ரியர் சைட்டை இதுக்கு மேல ஏத்த வழியில்ல, ஃப்ரன்ட் சைட்டை ஃபைல் போடலாமா?

—

தம்பி, சாட்ஸ்வொர்த்ல இருந்து அண்ணன். கீழ போனா ஃப்ரன்ட் சைட்டைக் குறைக்கணும், அது சரிதான், ஆனா ஃபைல் எடுக்கறதுக்கு முன்னாடி கணக்குப் போடு. ரெண்டு சைட்டுக்கும் நடுவுல 50 சென்டிமீட்டர்னு வச்சுக்கோ, டார்கெட் 50 மீட்டர், அதாவது நூறு மடங்கு. அப்போ 1 மில்லிமீட்டர் தேய்ச்சா பேப்பர்ல 10 சென்டிமீட்டர் மேல ஏறும். உனக்கு 3 சென்டிமீட்டர் ஏறணும்னா 0.3 மில்லிமீட்டர்தான், அதுலயும் பாதி தேய்ச்சு சுட்டுப் பாத்துட்டு மீதி. தேய்ச்சதைத் திரும்ப ஒட்ட முடியாது. எந்த குண்டுல ஜீரோ பண்றியோ அதையே வாங்கு, பிராண்டு மாறினா உயரமும் மாறும். டெடிகேட்டட் ஸ்டேட்டஸ் (சங்கத்துல பதிவான வேட்டைக்காரர், போட்டிக்காரர்ங்கற தகுதி) இல்லைன்னா ஒரு துப்பாக்கிக்கு 200 குண்டுக்கு மேல வீட்டுல வச்சுக்க முடியாது, அதனால அதுக்குள்ள ஒரே லாட்டா (ஒரே தடவையில தயாரிச்ச தொகுதி) எடுத்து வை.

—

மாரிட்ஸ்பர்க்ல இருந்து அக்கா. ஃபைல் போட்ட இடம் வெள்ளையா மின்னும், அதுல வெயில் பட்டா மின்னற ஓரத்தையே சைட்டுன்னு கண்ணு எடுத்துக்கும். இடது பக்கம் வெயில் அடிச்சா குண்டு வலது பக்கம் போகும். கற்பூரத்தைக் கொளுத்தி அந்தப் புகையில சைட்டைக் காட்டுங்க, நல்லா மட்டக் கறுப்பா கரி பிடிச்சுக்கும், பழைய போட்டிக்காரங்க எல்லாம் அப்படித்தான் பண்ணுவாங்க. துப்பாக்கி காலியா இருக்கணும், பக்கத்துல குண்டுப் பெட்டி கூடாது, அதை நான் சொல்ல வேண்டியதில்ல.

—

அண்ணன், அக்கா, நன்றி. சாமி ரூம்ல இருந்து எடுத்தா அம்மா விட மாட்டாங்க, வர்ற வழியில தனியா ஒரு பாக்கெட் வாங்கிக்கறேன்.