12 ஏக்கர் விவசாய நிலம், திட்டமிட்ட வளர்ச்சி (பிடி) மண்டல மாற்றம்: பிளானில் எவ்வளவு காட்டணும்? (டெக்சஸ்)

கேள்வி: டாலஸுக்கு வடக்கே 12 ஏக்கர், இப்போது விவசாய மண்டலம். கடைகள் கட்ட, அந்த இடத்துக்கென்றே தனி விதிகள் எழுதப்படும் திட்டமிட்ட வளர்ச்சி மண்டலமாக (பிடி) மாற்றக் கேட்கப் போகிறோம். எது எங்கே வரும் என்று காட்டும் கான்செப்ட் பிளானில் எவ்வளவு விவரம் போடணும்?

பதில் 1: குறைவாகப் போடுங்க. மண்டலத்தை மாற்றும் நகரச் சட்டத்தோடு (ஆர்டினன்ஸ்) பிளானும் இணைப்பாகப் போகும். அப்புறம் கட்டடத்தை 15 அடி நகர்த்தினாலும் சில ஊர்களில் திருத்தம் கேட்டு மறுபடி நகர கவுன்சில் படியேறணும். நுழைவழி, கட்டடம் எழும்பக்கூடிய எல்லைக்கோடு, தீயணைப்பு வண்டிப் பாதை, மழைநீர்த் தேக்கக் குளம் இவ்வளவு போதும். உயரம், பார்க்கிங், எந்தெந்தக் கடைக்கு அனுமதி என்பதெல்லாம் எழுத்து விதிகளில் இருக்கட்டும்.

பதில் 2: அந்த எழுத்து விதிகளில், ஊரின் வழக்கமான மண்டலங்களில் எது உங்களுக்கு அடிப்படை மண்டலம் என்று கட்டாயம் சொல்லுங்க, நீங்க சொல்லாமல் விட்டதற்கெல்லாம் அதன் விதிதான். சர்வேயர் தரும் எல்லை விவரம் தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து மூடுதா பாருங்க. பத்திரத்தில் 12.00, சர்வேயில் 11.87 என்று இருந்தால் அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் போகும் முன்பே சரிபண்ணிடுங்க.

பதில் 3: அக்கம்பக்கத்தையும் எண்ணிப் பாருங்க. உங்க நிலத்திலிருந்து 200 அடிக்குள் இருக்கும் உரிமையாளர்களுக்கு, நகர மண்டலக் கமிஷன் விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பே நோட்டீஸ் போகும். கடைகளுக்கான மாற்றம் என்பதால், அந்த 200 அடிப் பரப்பில் 20 சதவீதம் வைத்திருப்பவர்கள் எழுத்தில் எதிர்த்தாலே கவுன்சிலில் முக்கால் பங்கு வோட்டு வேணும். ஏழு பேர் கவுன்சில் என்றால் ஆறு.