கோலாலம்பூர் செந்தூல் பக்கம் தமிழில் பேசும் குடிமீட்புக் கூட்டம் இருக்கிறதா?

வணக்கம். என் அண்ணன் குடியை விட்டு இன்றோடு 23 நாள். சின்ன வயதில் சம்சு என்கிற மலிவுச் சாராயத்தில் தொடங்கிய பழக்கம். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால், மருத்துவமனையில் சேர்த்துத்தான் நிறுத்தினோம்.

போன வாரம் ஒரு மீட்புக் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். எல்லாம் ஆங்கிலம். தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், "நல்லவங்கதான்டா, ஆனா என் கதைய இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?" என்றார். நியாயமான கேள்வி.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது, குடியை விடும் விருப்பம் இருந்தால் போதும் என்பது தெரியும். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் தமிழில் நடப்பது ஏதாவது உண்டா? மாலை ஏழுக்குப் பிறகு, எல்ஆர்டி ரயில் நிலையம் பக்கமாக இருந்தால் நல்லது; மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டோம். குடும்பத்தாரும் உட்காரக்கூடிய திறந்த கூட்டமென்றால் முதல் இரண்டு தடவை நானும் கூடப் போவேன். அப்புறம், அண்ணிக்கு அல்-அனான் மாதிரி குடும்பத்தாருக்கான குழுவும் வேண்டும். அவர்தான் அதிகம் உடைந்திருக்கிறார்.

கோயிலில் கயிறு கட்டச் சொல்லாதீர்கள். இரண்டு தடவை கட்டியாயிற்று. போய் வந்தவர்கள் தனிச்செய்தியில் சொன்னாலும் சரி, பெயரை யாரிடமும் சொல்லமாட்டேன்.