ஒரே நம்பர், ஊரெல்லாம் ஆள்: வாடிக்கையாளர் பட்டியல் திருத்தும்போது பார்த்தவை (அனுபவப் பகிர்வு: சேலம் வட்டாரத்தில் பட்டியல் பார்ப்பவர்களின் பதிவுகள், ஒவ்வொன்றின் மேலும் எழுதியவர் பெயர்)

செவ்வாய்ப்பேட்டை பில்லிங்

ஒரு ஜவுளி மொத்த வியாபாரத்தின் பட்டியல். பில் சாஃப்ட்வேரிலிருந்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எடுத்து, டபுள் கிளிக்கில் எக்செல்லில் திறந்து, ஒரே ஒரு பெயரைத் திருத்தி, அப்படியே சேவ் செய்திருக்கிறார்கள். நடந்தது அவ்வளவுதான்.

நம்பர்களெல்லாம் 91 சேர்த்து 12 இலக்கமாக இருந்தன. 11 இலக்கத்தைத் தாண்டினால் எக்செல் சுருக்கிக் காட்டும்: 9.19843, அடுத்து ஒரு ஆங்கில 'ஈ', ஒரு கூட்டல் குறி, 11. சிஎஸ்வியாகச் சேவ் செய்யும்போது கட்டத்தில் என்ன தெரிகிறதோ அதைத்தான் எழுதும். மறுபடி திறந்தால் 919843, பின்னால் ஆறு பூஜ்ஜியம். முதல் நான்கு இலக்கம் ஒன்றாக உள்ள மொபைல்கள் நம் ஊரில் எத்தனை! அத்தனையும் ஒரே நம்பராகிவிட்டன.

அதற்கு மேல் டூப்ளிகேட் நீக்கும் வேலையும் ஓடியிருக்கிறது. நம்பர் ஒன்றென்றால் ஆளும் ஒன்று என்பது அதன் விதி. அம்மாப்பேட்டைத் தறிக்காரர் பெயர், ஆத்தூர்க் கடையின் முகவரி, ஓமலூர்க்காரரின் பாக்கித் தொகை, மூன்றும் ஒரே வரியில் நின்றன. அந்த வரி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. வேறு யாராவது இப்படிப் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

மலைப்பாதை டெலிவரி, ஏற்காடு

நம்பர் மட்டுமா, டோர் நம்பரும் இப்படித்தாங்க போகும். 3/45 என்று அடித்தால் 'மார்ச் 45' ஆகிவிடும். 5/12 இன்னும் மோசம். அந்தக் கணினியின் தேதி அமைப்பைப் பொறுத்து மே 12 ஆகும், அல்லது டிசம்பர் 5 ஆகும். முதலில் இருந்தது 5/12-ஆ 12/5-ஆ என்று பிறகு எந்த மந்திரத்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

சொல்ல வந்தது எஸ்டேட் முகவரி பற்றி. மலைமேல் தெருப்பெயர் கிடையாது. எஸ்டேட் பெயர், பக்கத்து ஊர், பின்கோடு 636601, அதோடு முகவரி முடிந்தது. அதனால் அட்சரேகை, தீர்க்கரேகையை வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு பங்களாவின் வரியில் அந்த இரண்டும் இடம் மாறியிருந்தன: 78.2 முதலில், 11.8 அடுத்து. மேப்பில் போட்டால் சேர்வராயன் மலையைக் காணோம். புள்ளி ஆர்க்டிக் கடலில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் மேற்கு ஓரத்தில் குத்தி நின்றது. ஆனாலும் சாஃப்ட்வேர் 'சரியான எண்' என்று பச்சை டிக் போட்டிருந்தது. 90-க்குள் இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்த்தது.

தமிழ்நாட்டு வாடிக்கையாளர் என்றால் முதல் எண் 8-க்கும் 14-க்கும் இடையில், இரண்டாவது 76-க்கும் 81-க்கும் இடையில் இருக்க வேண்டும். இந்த ஒரு விதி போதும், மாறியதெல்லாம் பிடிபடும். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வையுங்கள், ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம். நான்கு வைத்தால் பதினோரு மீட்டர். இரண்டு மட்டும் இருந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போகலாம், கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் அது வேறு ஊர்.

இன்னொன்றும் பாருங்கள். நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை என வெவ்வேறு ஊர் ஆட்களுக்கு ஒரே புள்ளி, கடைசி இலக்கம் வரை ஒன்றாக வந்தால் அது அளந்தது கிடையாது. முகவரி புரியாமல் மேப் சேவை ஏற்காடு நடுவில் குத்திவிட்ட புள்ளி. 2025-இல் தபால் துறை கொண்டுவந்த டிஜிபின் என்ற டிஜிட்டல் முகவரிக் குறியீடு 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டத்தைக் காட்டும், பத்து எழுத்துதான். எஸ்டேட் முகவரிக்கு அதையும் ஒரு கட்டமாகச் சேர்க்கலாம்.

அஸ்தம்பட்டி டேட்டா என்ட்ரி

சுருக்கமாகச் சொல்கிறேன். மொபைலுக்குப் பத்து இலக்கம் என்ற சோதனை போதாது. 0427-க்குப் பின் ஏழு இலக்கம் கொண்ட சேலம் லேண்ட்லைனில் முன்னால் உள்ள பூஜ்ஜியம் உதிர்ந்தால் சரியாகப் பத்து. ஏற்காட்டின் 04281-உம் ஆறு இலக்கமும் அப்படியே. கடையின் லேண்ட்லைனுக்கு எஸ்எம்எஸ் அனுப்பிக்கொண்டிருந்த பட்டியல் ஒன்றைப் பார்த்தேன். முதல் இலக்கம் 6, 7, 8, 9 என்றால் மொபைல், இல்லையென்றால் லேண்ட்லைன். பின்கோடு 636 என்றால் சேலம் மாவட்டம், 637 என்றால் நாமக்கல். இந்த இரண்டு விதியிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

தபால் பிரிப்பு, சூரமங்கலம்

மேடம், பின்கோடு விதியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். முதல் மூன்று இலக்கம் தபால் பிரிக்கும் வட்டாரத்தைக் காட்டும், வருவாய் மாவட்டத்தைக் காட்டாது. தர்மபுரி 636701. அது 1965-லேயே சேலத்திலிருந்து தனி மாவட்டமாகிவிட்டது, பின்கோடு வந்ததோ 1972 ஆகஸ்ட் 15-இல். இந்தப் பக்கம் எடப்பாடி 637101, சங்ககிரி 637301, இரண்டும் சேலம் மாவட்டம்தான். உங்கள் விதியில் எடப்பாடிக்காரர் நாமக்கல்லுக்கும் தர்மபுரிக்காரர் சேலத்துக்கும் போய்விடுவார்கள்.

பழைய பட்டியலில் 'ராசிபுரம், சேலம் மாவட்டம்' என்று இருந்தால் அதையும் பிழை என்று சிவப்புப் போடாதீர்கள். நாமக்கல் பிரிந்தது 1997 ஜனவரி 1. அதற்கு முன் எழுதியது எழுதிய நாளில் சரி. தபால் துறையின் பின்கோடு பட்டியலை இறக்கி, அலுவலகத்தின் பெயரோடு மாவட்டத்தையும் சேர்த்து ஒப்பிடுங்கள். மூன்று இலக்கத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதே இல்லை.

லேண்ட்லைன் விதியும் பாதிதான் சரி. பெங்களூரு லேண்ட்லைன் 080-க்குப் பின் எட்டு இலக்கம். பூஜ்ஜியம் போனால் 8-இல் தொடங்கும் பத்து இலக்கம், அச்சு அசல் மொபைல் மாதிரி. 2021 ஜனவரி 15-இலிருந்து லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு 0 சேர்த்து அழைக்க வேண்டியிருப்பதால் நிறையப் பேர் மொபைலையும் 0 போட்டே எழுதித் தருகிறார்கள். 11 இலக்கம் வந்தால் லேண்ட்லைன் என்றும் முடிவு கட்ட முடியாது. முதலில் 0, 91, கூட்டல் குறி, இடைவெளி எல்லாவற்றையும் உரித்து, எஸ்டிடி கோடு பட்டியலோடு ஒப்பிட்டு, பிறகுதான் கூட்டல் குறி, 91, பத்து இலக்கம் என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ஐந்து ரோடு

கௌரி என்ற பெயரைத் தேடினால் பட்டியலில் ஒருவர்தான் வருகிறார், கண்ணுக்கோ மூன்று கௌரி தெரிகிறார்கள். எழுத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றில் 'ஔ' உயிர்க்குறி. மற்ற இரண்டில் ஒற்றைக் கொம்பும், குறி இருக்க வேண்டிய இடத்தில் 'ள' என்ற முழு எழுத்தும். திரையில் வித்தியாசமே தெரியாது. சௌந்தர், மௌலி என எல்லாப் பெயரிலும் இது உண்டு. 'கொ' வேறு வகை. கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தாலும் சேர்த்து அடித்தாலும் யூனிகோடு இரண்டையும் சமம் என்றே ஏற்கிறது, என்எஃப்சி என்ற யூனிகோடின் சீரான வடிவத்துக்கு மாற்றினால் ஒன்றாகிவிடும். 'ள' சிக்கல் அதில் தீராது. சொல் பட்டியல் வைத்துத்தான் மாற்ற வேண்டும், ஏனென்றால் 'ள' உண்மையிலேயே வரும் பெயர்களும் இருக்கின்றன.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் இனிஷியல் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இங்கேதான் அதிகம் கெடுகிறது. வாங்கிய சாஃப்ட்வேரில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். 'எம். முருகேசன்' என்று அடித்தால் முதல் பெயர் 'எம்'. 'அன்புள்ள எம்' என்று வாழ்த்து போகிறது. பெயருக்கு ஒரே கட்டம், இனிஷியலுக்குத் தனிக் கட்டம், இதுதான் நமக்குப் பொருந்தும். இனிஷியல் வேறு என்பதால் ஆள் வேறு என்று பிரிக்கவும் கூடாது, கல்யாணத்துக்குப் பின் அப்பா இனிஷியல் கணவர் இனிஷியலாக மாறியிருக்கலாம். இனிஷியலும் பெயரும் தெருவும் ஒன்று என்பதால் சேர்க்கவும் கூடாது, தாத்தா பெயரை வைத்த பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரே வீட்டில் இருப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஏழுமலையின் 'ழ'வுக்கு ஒருவர் இசட்-ஹெச் போடுவார், இன்னொருவர் ஒற்றை எல். ஒலி ஒப்பிடும் வழக்கமான முறைகள் ஆங்கிலப் பெயருக்காகச் செய்தவை, இதில் தடுமாறும். பெயரை வைத்து 'இவர்களாக இருக்கலாம்' என்று வரிசை எடுங்கள். சேர்ப்பதை ஒரு மனிதர் பார்த்துச் செய்யட்டும்.

கொலுசுப் பட்டறை கணக்கு

வியாபாரிகள் பட்டியல் என்றால் ஜிஎஸ்டி எண்ணைப் பிடியுங்கள். 15 எழுத்து: முதல் இரண்டு மாநிலம், நமக்கு 33. அடுத்த பத்து பான் எண். கடைசி எழுத்து மற்ற 14-ஐ வைத்துக் கணக்கிடுவது, அதனால் ஒரு எழுத்து தப்பானால் சிக்கும். கையெழுத்தில் பூஜ்ஜியமா 'ஓ' எழுத்தா என்று குழம்பினால் இடத்தைப் பாருங்கள்: 3 முதல் 7 வரை எழுத்து, 8 முதல் 11 வரை எண், 12 மீண்டும் எழுத்து. பான் ஒன்றென்றால் முதலாளி ஒருவர், சரக்கு இறங்கும் இடம் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பில் முகவரி, சரக்கு முகவரி இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். லீ பஜார் குடோனுக்குப் போக வேண்டிய பெட்டி ஆடிட்டர் ஆபீஸ் வாசலில் நின்றது இந்த இரண்டையும் ஒன்றாக்கியதால்தான்.

அஸ்தம்பட்டி டேட்டா என்ட்ரி

எடப்பாடி விஷயம் சரிதான் சார், விதியை எடுத்துவிட்டேன். ஒரு சந்தேகம். வடிவம் சரியாக இருக்கிறது, மொபைல்தான், ஆனால் எடுப்பவர் வேறு ஆள். இதை எப்படிப் பிடிப்பது?

தபால் பிரிப்பு, சூரமங்கலம்

வடிவத்தை வைத்துப் பிடிக்கவே முடியாது. நிறுத்திய நம்பரை 90 நாள் கழித்து வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். நம்பருக்குப் பக்கத்தில் 'கடைசியாக உறுதி செய்த தேதி' என்று ஒரு கட்டம் வையுங்கள். ஓடிபி, ஆள் பேசியது, டெலிவரியில் கையெழுத்து, இந்த மூன்றில் ஒன்று நடந்த நாளை மட்டும் அதில் போடுங்கள். எஸ்எம்எஸ் போய்ச் சேர்ந்த நாளைப் போடாதீர்கள், அது புது ஆளுக்கும் போய்ச் சேரும்.

செவ்வாய்ப்பேட்டை பில்லிங்

அந்த ஜவுளிப் பட்டியல் பாதி திரும்பியிருக்கிறது. டூப்ளிகேட் நீக்குமுன் நகல் வைக்கவில்லை, ஆனால் பில் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு பில்லிலும் நம்பர் முழுதாக இருந்தது. புதிதாக எடுத்த சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்யாமல், எக்செல்லின் டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, நம்பர், டோர் நம்பர், பின்கோடு மூன்றையும் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிய பிறகே ஏற்றினார்கள். வந்தது வந்தபடி ஒரு கட்டம், திருத்தியது பக்கத்தில் இன்னொரு கட்டம். பில் எண்ணை வைத்துப் பெயரையும் முகவரியையும் பிரிக்கிறார்கள். பாக்கி உள்ள வரிகள் முதலில். ஓமலூர்க்காரர் கிடைத்துவிட்டார். தறிக்காரர் பெயரில் இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள், அம்மாப்பேட்டைக்கு நேரில் போய்ப் பழைய பில்லைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.