ஹேவ் ரிட்டனா, ஹேவ் பீன் ரைட்டிங்கா?

பென்சில்டப்பா: அக்கா மகள் வீட்டுப்பாடத்தில் ‘ஐ ஹேவ் பீன் ரைட்டிங் த்ரீ லெட்டர்ஸ் சின்ஸ் மார்னிங்’ என்று எழுதியிருந்தாள். டீச்சர் சிவப்பு மையில் ‘ஹேவ் ரிட்டன்’ என்று திருத்திவிட்டார். காரணம் சொல்லவில்லை. காலையிலிருந்து எழுதுகிறாள்தானே, பீன் ரைட்டிங் போட்டால் என்ன தப்பு?

கரும்பலகை: திருத்தம் சரி. எத்தனை முடிந்தது என்று கணக்குச் சொன்னால் ஹேவ் ரிட்டன். எவ்வளவு நேரமாக நடக்கிறது என்றால் ஹேவ் பீன் ரைட்டிங். இதற்குத் தமிழிலேயே வழி இருக்கிறது. ‘எழுதியிருக்கிறேன்’ என்று வந்தால் முன்னது, ‘எழுதி வருகிறேன்’ என்று வந்தால் பின்னது. டியூஷன் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

திண்ணைவாசி: கணக்கு விஷயம் சரி. தமிழ் வழி மட்டும் வேண்டாம் சார், கவிழ்த்துவிடும். ‘ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறேன்’ என்கிறோம். ‘காத்து வருகிறேன்’ என்று யார் சொல்கிறார்கள்? ஆனால் ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் பீன் வெயிட்டிங்’. அப்புறம் இன்னொன்று. காலையில் கதவைத் திறக்கிறீர்கள், வாசலெல்லாம் ஈரம், மழை விட்டுவிட்டது. நாம் ‘மழை பெய்திருக்கிறது’ என்போம். ஆங்கிலேயர்கள் ‘இட் ஹாஸ் பீன் ரெயினிங்’ என்பார்கள். நின்றுபோன மழைக்கும் பீன்!

கரும்பலகை: காத்திருப்பதில் ‘இரு’ அந்தச் சொல்லோடே ஒட்டிப்போனது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மழை இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழை விட்டுவிட்டால் மட்டும் பிள்ளை தப்பிக்குமா? ‘பத்து வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன்’ என்பதை அப்படியே ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று எழுதும். பெரியவர்களே ஆபீஸ் மெயிலில் அப்படித்தான் எழுதுகிறார்கள். ‘பார்த்து வருகிறேன்’ என்று மாற்றிச் சொல்லவைத்தால் ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ தானாக வருகிறது.

பென்சில்டப்பா: ‘ஹேவ் வொர்க்ட் ஹியர்’ என்றால்?

திண்ணைவாசி: வொர்க், லிவ் இரண்டுக்கும் எப்படிப் போட்டாலும் ஓடும். பீன் போட்டால் கொஞ்சம் தற்காலிக வாடை, அவ்வளவுதான். ஆனால் ‘ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்’ கிடையாது. ‘ஹேவ் நோன்’ மட்டும்தான்.

கரும்பலகை: பார்த்தீர்களா, தமிழிலும் ‘அவரைத் தெரிந்து வருகிறேன்’ கிடையாதே!

திண்ணைவாசி: அது உங்கள் அதிர்ஷ்டம் சார். மழைக்கு இன்னும் பதில் வரவில்லை.

பென்சில்டப்பா: நீங்கள் சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னேன். மூன்றாவது கடிதம் இன்னும் பாதியில் நிற்கிறதாம். அப்படியென்றால் டீச்சர் போட்டதும் தப்புதானே என்கிறாள்.